அடித்து ஏற்றாத மனிதர்

ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட இரண்டு எவர்சில்வர் தம்ளர்களைப் பிரிப்பதற்காக, உள்ளே இருந்த தம்ளரில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றியவன் நான். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கையில் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. பட்டம் வேறு. உலோகங்கள் சூட்டில் விரிவடைவதைப் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்விக்குப் படமெல்லாம் போட்டு எழுதி எட்டு மதிப்பெண் வாங்கியவன். உள் தம்ளர் நான் படித்த பாடத்துக்கு ஒரு குறையும் வைக்காமல் விரிந்தது. அதுவரை ஆட்டினால் கொஞ்சமாவது ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் போல ஆகிவிட்டன.

"படிச்சது போதும், இப்புடிக் குடுங்க" என்று என் மனைவி பிடுங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அடுத்த வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். தம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள் தம்ளரில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, வெளித் தம்ளர் நனைகிற மாதிரி ஒரு சட்டி வெந்நீரில் இறக்கி வைத்தார். பிறகு அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சும்மா இருந்தார். எண்ணி இரண்டு நிமிடம். இரண்டு விரலால் தூக்கினார். உள் தம்ளர் ஒரு சத்தமும் இல்லாமல் வந்துவிட்டது.

"உள்ள இருக்கறது சுருங்கணும், வெளிய இருக்கறது விரியணும். அவ்வளவுதாங்க சார்."

சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

காரைக்காலிலிருந்து திருநள்ளாறு போகிற சாலையில் அப்போது ஒரு பெரிய அரிசி ஆலை இருந்தது. எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே குமாஸ்தா; அவர் பிட்டர், இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டுகிறவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் பிட்டர்தான். ஆலையில் வேலை, வீட்டுக்கு வந்தாலும் அடுத்தடுத்த கதவு. ஆக, ஒரு நாளில் பதினாறு மணி நேரம் அவர் என் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பதினாறு மணி நேரத்தில் அவர் பேசியதை ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம், விலாசத்துக்கும் இடம் மிச்சமிருக்கும்.

அவருடைய இரும்புப் பெட்டியில் சுத்தியல் ஒன்று இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது. பழைய பனியன் துணியில் சுற்றி எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும். மற்ற மெக்கானிக்குகள் எதற்கும் முதலில் எடுப்பது அதைத்தான். இவர் கடைசியிலும் எடுக்க மாட்டார். ஒரு பாகம் இன்னொரு பாகத்துக்குள் போகவில்லையா, ஒன்றைச் சூடாக்குவார், அல்லது மற்றதைக் குளிர வைப்பார். பட்டினச்சேரியிலிருந்து மீன் கொண்டுவருகிற வண்டிக்காரரிடம் ஐஸ் துண்டு வாங்கி, பித்தளைப் புஷ் என்கிற குட்டைக் குழாயை அதில் புதைத்து வைத்திருப்பார். மீன் வாசனையோடு அது சுருங்கிக் கிடக்கும். இவர் காத்திருப்பார். நேரம் ஆகிறதே என்று யாராவது பறந்தால், "அதுக்கு எப்ப இறங்கத் தோணுதோ அப்ப இறங்கும்" என்பார். இரும்புக்கும் பித்தளைக்கும் மனசு உண்டு என்று அவர் நம்பியதாகவே நினைக்கிறேன். மனிதர்களுக்கும் அதே மாதிரிதான் என்று நம்பியதுதான் வினையாகிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

புதுப் பேரிங்கை ஷாப்டில், அதாவது இயந்திரத்தின் சுழல் தண்டில், ஏற்றுகிற நாள் ஆலையில் ஒரு வைபவம். பேரிங்கின் ஓட்டை, ஷாப்டின் பருமனைவிட ஒரு மயிரிழை சின்னதாக இருக்கும். அப்படி இருந்தால்தான் உட்கார்ந்த பிறகு கெட்டியாகப் பிடிக்கும். மற்ற ஆலைகளில் ஆளுக்கு ஒரு அடி கொடுத்து ஏற்றிவிடுவார்கள். இவர் பழைய வாணலியில் எண்ணெய் ஊற்றி, பேரிங்கைக் கம்பியில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டு, உமி அடுப்பில் காய வைப்பார். எனக்கு அதைப் பார்த்தால் நாக்கு சும்மா இருக்காது.

"மாஸ்டர், நமக்கு ரெண்டு போடுங்க. நல்லா செவக்கட்டும். சட்னி இருக்கா, சாம்பாரா?"

மூட்டை தூக்குகிறவர்கள், தவிடு அள்ளுகிற பெண்கள் எல்லோரும் சிரிப்பார்கள். அவர், "எண்ணெய் தெறிக்கும், தள்ளி நில்லுங்க சார்" என்பார். ஆறு வருடம் இதே நகைச்சுவையை நான் சொன்னேன். ஆறு வருடமும் அவர் எனக்காகக் கவலைப்பட்டார்.

விரலை நனைத்து பேரிங்கின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீரை உதறுவார். அது சுருண்டு துள்ளி ஓடினால் பதம். அந்த நொடியில்தான் அவர் வேறு ஆள் ஆவார். அதுவரை கோயில் யானை மாதிரி நின்றவர், சாக்குத் துணியோடு அதைத் தூக்கி, துடைத்து, ஷாப்டின் முனையில் வைத்து ஒரே தள்ளு. வழுக்கிக்கொண்டு போய் உள்ளே இருக்கும் விளிம்பில் முட்டும். அப்படியே இரு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரம் கழித்து, "புடிச்சிருச்சு" என்பார். அந்த ஒரு வார்த்தையில் மட்டும் அவர் குரலில் ஒரு சந்தோஷம் தெரியும்.

ஒருமுறை அவர் வலது கையில் குளவி கொட்டி, கை இட்லிப் பானை மாதிரி வீங்கியிருந்தது. நான் முன்வந்தேன். ஆலையே பார்த்துக்கொண்டிருக்கிறது, விடுவேனா?

"ஒரே தள்ளு சார். நடுவுல நிறுத்தாதீங்க" என்றார்.

தள்ளினேன். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போயிற்று. பாதியில் எனக்கு என் திறமை மேலேயே ஒரு மயக்கம் வந்து, திரும்பி அவர் முகத்தைப் பார்த்து, "சரியாப் போவுதா?" என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் பேரிங் இருந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. அதைத் தேய்த்துப் பிளந்து எடுக்க ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. இடது கையாலேயே அவர் அதைச் செய்தார். திட்டவில்லை. "சூடா இருக்கறப்ப நின்னு கேக்கக் கூடாதுங்க சார்" என்றதோடு சரி.

இவ்வளவு அமைதியான மனிதருக்கு வாய்த்த மனைவி நெடுங்காட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். வாய் ஓயாது. காலையில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் இருந்த குட்டைச் சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு பெண்களும் நின்றால், குழாயில் தண்ணீர் வந்து நின்று போனதுகூடத் தெரியாது. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவர்களுடைய கல்யாணக் கதையை அவள் சொல்லித்தான் கேட்டோம்.

அம்மி மிதிக்கிற நேரம். மாப்பிள்ளை குனிந்து மெட்டி போட வேண்டும். வெள்ளி மெட்டி, வாய் மூடிய வளையம். விரலில் இறங்கவில்லை. மற்ற மாப்பிள்ளைகள் என்றால் ஓர் அழுத்து அழுத்தியிருப்பார்கள். பெண்ணும் ஒரு முனகலோடு பொறுத்துக்கொள்வாள். இவர் என்ன செய்தார் தெரியுமா?

"எந்திரிச்சு நின்னு, சமையக்கட்டுலேர்ந்து கொஞ்சம் சுடுதண்ணி கொண்டாங்கன்னாரு அண்ணே! ஐயரு மந்திரத்த நிறுத்திட்டாரு. எங்கப்பாவுக்கு ரத்தமே சுண்டிப்போச்சு, மாப்ள கோவிச்சுக்கிட்டாருன்னு. இவரு என்னடான்னா மெட்டிய ஒரு டம்ளர் சுடுதண்ணியில போட்டுட்டு அதையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. சனம் பூரா சிரிக்குது. நானும் தலையக் குனிஞ்சுக்கிட்டே சிரிச்சுட்டேன். அப்பறம் போட்டாரு, வலிக்கவே இல்ல."

நான் பி.எஸ்ஸி. அல்லவா, கணக்குப் போட்டுச் சொன்னேன்: "அவ்வளவு சூட்டுக்கு வெள்ளி எவ்வளவும்மா விரியும்? ஒரு தலைமுடியில அஞ்சுல ஒரு பங்குகூட இருக்காது. கால் ஈரமா இருந்துச்சு, அதான் வழுக்கிக்கிட்டு ஏறியிருக்கும்."

"உங்க கணக்க நீங்களே வச்சுக்குங்க" என்றாள் அவள். சுவருக்கு அந்தப் பக்கம், உள்ளே இருந்து ஒரு சிரிப்பு கேட்டது. ஆண் சிரிப்பு. அவர் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் நான் சொன்ன நகைச்சுவைக்கு இல்லை, என் கணக்குக்கு.

கல்யாணமாகி நாலாவது வருடம் தை மாதத்தில், அவளுடைய அம்மாவுக்குக் கை கால் விழுந்துவிட்டது என்று பார்த்துக்கொள்ளப் போனாள். பங்குனியில் அம்மா இறந்துபோனார். காரியத்துக்கு அவரோடு நானும் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் முற்றத்தில் நின்றிருந்தோம். அவளுடைய அண்ணன், "என்ன மாப்ள, ரெண்டு நாள் இருந்து அழச்சிக்கிட்டுப் போறது?" என்று கேட்டார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அதுக்கு எப்பத் தோணுதோ அப்ப வரட்டுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில், பிறந்த வீட்டுக்குப் போன பெண்ணைப் புருஷன்தான் வந்து அழைத்துக்கொண்டு போக வேண்டும். இல்லையென்றால் அவன் வீட்டுப் பெரியவர்கள் வர வேண்டும். தானாகப் பையைத் தூக்கிக்கொண்டு திரும்புகிற பெண்ணை, அண்ணன் துரத்திவிட்டான் என்பார்கள், ரோஷம் கெட்டவள் என்பார்கள். இவருக்கு அனுப்புவதற்குப் பெரியவர்கள் என்று யாரும் கிடையாது. இவர் சொன்னது மரியாதை. அவர்கள் காதில் விழுந்தது, வேண்டாம் என்று.

பஸ்ஸில் கேட்டேன்: "என்னங்க இப்புடிச் சொல்லிட்டீங்க?"

"அம்மா போன துக்கத்துல இருக்கு. நாம போயி இழுத்துக்கிட்டு வந்தா நல்லாவா இருக்கும்?"

"இழுக்கச் சொல்லலீங்க. வான்னு ஒரு வார்த்த."

"வரணும்னு இருந்தா வந்துரும் சார்."

சித்திரை போயிற்று. வைகாசி, ஆனி, ஆடி. மாலையில் நெடுங்காட்டு பஸ் வருகிற நேரத்துக்கு அவர் சைக்கிளோடு காரைக்கால் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் நிற்பார். டீ குடிக்கத்தான் வந்தேன் என்பார். ஆலை வாசலிலேயே டீக்கடை இருந்தது. மூன்று பஸ் பார்ப்பார், கிளம்பிவிடுவார். அழைத்து வரவும் போக மாட்டார், எதிர்பார்க்காமலும் இருக்க மாட்டார்.

ஒரு விஷயத்தை நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். வாரத்துக்கு இரண்டு தடவை சைக்கிளின் பின் டயருக்கு அவர் காற்று அடிப்பார். கல்லு மாதிரி அடிப்பார். தனி ஆள் ஓட்டுகிற வண்டிக்கு அவ்வளவு காற்று வேண்டியதில்லை. குண்டும் குழியுமான எங்கள் தெருவில் அந்த வண்டி அவரைத் தூக்கித் தூக்கிப் போடும். கேரியரில் ஓர் ஆள் உட்கார்ந்தால்தான் அந்த டயர் சமாதானமாக ஓடும். "பிட்டருக்குப் பின்னாடி யாரு வர்றா?" என்று சைக்கிள் கடைக்காரர்கூடக் கிண்டல் செய்தார். அவர், "இருக்கட்டுங்க" என்றார்.

வீட்டில் சத்தமே இல்லை. சாயங்காலம் ஏதாவது ஒரு இரும்புத் துண்டை வைத்துக்கொண்டு அரத்தால் ராவிக்கொண்டிருப்பார். கர்ர்... கர்ர்... அந்தச் சத்தம் சுவரைத் தாண்டி வந்து எங்கள் சோற்றுத் தட்டில் உட்காரும். என் மனைவி ஒருநாள், "நீங்களாவது ஏதாவது செய்யக் கூடாதா?" என்றாள். என்னிடம் போய் இப்படிக் கேட்கலாமா? உள் தம்ளரில் வெந்நீர் ஊற்றியவனிடம்?

மறுநாளே கடிதம் எழுதினேன். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. பிட்டருக்குக் கடுமையான காய்ச்சல், கஞ்சிகூட இறங்கவில்லை என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருந்தால் நான் நான் இல்லையே. 'சுரவேகத்தில் இரவும் பகலும் தங்கள் பெயரையே சொல்லிப் புலம்புகிறார். ஒரு விநாடி வாய் ஓய்வதில்லை' என்று சேர்த்தேன். கீழே 'நலம்விரும்பி' என்று கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவள் வந்தாள். ஒரு கையில் பெரிய ரெக்ஸின் பை, அது மூட முடியாமல் பிதுங்கிக்கொண்டிருந்தது. மறு கையில் ஒரு துணி மூட்டை. அந்த நேரத்தில் நம்முடைய நோயாளி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் வேர்வையாக, பின் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் ஓரத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அவள் அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

"காய்ச்சல்னு லெட்டர் வந்துச்சு."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். எம்பேரச் சொல்லிப் புலம்புறீங்களாம்."

அவர் பம்பின் கைப்பிடியைப் பாதியில் பிடித்தபடி நின்றார். அவள் மூட்டையை இன்னும் கீழே வைக்கவில்லை. குரலை இறக்கிக் கேட்டாள்:

"நீங்க எழுதச் சொன்னீங்களா?"

ஜன்னலுக்குள்ளிருந்து நான் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். ஆமான்னு சொல்லுய்யா. தலையையாவது ஆட்டுய்யா. அவர் யோசித்தார். பொய் சொல்லலாமா என்று யோசிக்கவில்லை. அது அவருக்குத் தோன்றியிருக்காது. நிஜமாகவே யாரிடமாவது சொல்லியிருப்போமா என்று நினைத்துப் பார்த்தார்.

"இல்லியே. நான் யார்கிட்டயும் சொல்லலியே" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். "சரி. நல்லாத்தான இருக்கீங்க."

"நல்லாத்தான் இருக்கேன். தண்ணி குடிக்கிறியா?"

"வேணாம். பன்னண்டு மணி பஸ்ஸு போயிரும்."

"கொண்டாந்து விடறேன்" என்றார் அவர். வண்டியைத் திருப்பினார். பையை ஹேண்டில்பாரில் மாட்டினார். அவள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தாள். அந்த டயர் எட்டு மாதத்தில் முதன்முறையாகத் துள்ளாமல், குலுங்காமல், தெருமுனை வரை சீராகப் போயிற்று. நான் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருக்க வேண்டும். நான்தான் எழுதினேன், ரெண்டு பேரும் இறங்குங்க என்று கத்தியிருக்க வேண்டும். வாயாடிக்கு வாய் வேண்டிய அன்றைக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை ஆலையில் அவரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் தேவலை.

"நல்லதுக்குத்தான் பண்ணியிருக்கீங்க" என்றார். கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆனா சார், பொய்யச் சொல்லி வரவச்சா அது அடிச்சு ஏத்துன மாதிரிதான? நிக்காதுங்க" என்றார்.

அதன் பிறகு அவர் பஸ் நிலையத்துக்குப் போகவில்லை. பின் டயர் தனி ஆளுக்கான டயராக மெத்தென்று ஆகிவிட்டது. நான் எண்ணெய் வாணலியைப் பார்த்துச் சட்னி கேட்பதையும் விட்டுவிட்டேன். ஒரு நாள் அவரே, "என்ன சார், இன்னிக்கு ஒண்ணும் கேக்கலியா?" என்றார். கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து மஸ்கட்டுக்கு ஆள் எடுத்தார்கள் என்று போய்விட்டார். போன புதிதில் ஒரே ஒரு கடிதம் வந்தது. நான்கு வாரம் கழித்து ஒரு மனிதன் எழுதுகிற முதல் கடிதம்: 'இங்கே வெயில் அதிகம். பைப்புகளுக்கு நடுவில் நிறைய இடம் விட வேண்டியிருக்கிறது. மற்றபடி நலம்.' நான் நாலு பக்கம் பதில் எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. வீட்டை வேறு யாரோ வாடகைக்கு எடுத்தார்கள். ஆலைக்கு வேறு பிட்டர் வந்தார். சுத்தியல்காரர்.

எண்பதுகளின் கடைசியில் எனக்குச் சனி பிடித்திருப்பதாக ஜோசியர் சொன்னார். என்னைப் பிடிக்க அவ்வளவு காலம் தாழ்த்தியதற்காகச் சனீஸ்வரனைப் பாராட்டிவிட்டு, ஒரு சனிக்கிழமை திருநள்ளாற்றுக்குப் போய் எள் விளக்குப் போட்டேன். கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தால், அங்கே அவள் நின்றுகொண்டிருந்தாள். முன்நெற்றியில் நரை. பால்வாடியில் ஆயாவாக இருக்கிறாளாம். என் மனைவியை விசாரித்தாள், பிள்ளைகளை விசாரித்தாள், குழாயில் இப்போதாவது தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று விசாரித்தாள். அவரைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. பழைய வாய் இருந்தது. நடுவில் நடுவில் நின்றுபோயிற்று.

நெடுங்காட்டு பஸ் தூரத்தில் வளைவில் தெரிந்தது. இப்போது விட்டால் எப்போது? இத்தனை வருடம் நெஞ்சில் வைத்திருந்ததைக் கொட்டிவிட்டேன்.

"அம்மா, அந்த லெட்டர எழுதின பாவி நான்தான். காய்ச்சலும் இல்ல, புலம்பலும் இல்ல, எல்லாம் என் புளுகு. உன்ன ஏமாத்தி வரவச்சுட்டேன். அந்தப் பொய்யிதான் உங்க ரெண்டு பேரையும் பிரிச்சுது. என்ன மன்னிச்சிரும்மா."

பஸ் வந்து நின்றது. அவள் பையை எடுத்துக்கொண்டு, படியில் ஒரு காலை வைத்து, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொய்யின்னு தெரிஞ்சுதாண்ணே வந்தேன்."